கெடா என்று எத்தனை கப்பல்?



ராஜேந்திர சோழன் கடாரம் கொண்ட கதை தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அந்தக் கடாரம்தான் இன்றைய கெடா என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. கடல் தாண்டி வந்து வென்ற ஊரின் பெயரைப் பிற்காலத்தில் கப்பல்களுக்கே சூட்டினார்கள். ஒன்றுக்கல்ல, பலவற்றுக்கு.

1927இல் இங்கிலாந்தின் பாரோ நகரில் கட்டப்பட்ட 'கெடா' ஒரு நீராவிக் கப்பல். ஸ்ட்ரெய்ட்ஸ் ஸ்டீம்ஷிப் கம்பெனிக்குச் சொந்தமானது. சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் இடையே விரைவாக ஓடியதால் பெயர் வாங்கியது. துரைமார்களுக்கு ஏற்ற சொகுசுக் கப்பல். பேரா தோட்டங்களில் பால்மரம் வெட்டிய நம்மவர்கள் வந்ததோ 'ரஜூலா' போன்ற கப்பல்களில், டெக்கில் பாய் விரித்துப் படுத்தபடி. 1926இல் கட்டப்பட்ட ரஜூலாவில் தொடக்கத்தில் ஐயாயிரம் டெக் பயணிகளுக்கு மேல் ஏற்ற அனுமதி இருந்ததாம். கப்பல் என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனை ஏற்றத்தாழ்வு!

போர் மூண்டதும் பிரிட்டிஷ் கடற்படை அந்தச் சொகுசுக் கப்பலை எடுத்துக்கொண்டது. பீரங்கி ஏறியது, 'எச்.எம்.எஸ். கெடா' ஆனது. அதே கப்பல், அதே பெயர், வேலை மட்டும் வேறு. 1941 டிசம்பரில் பினாங்கிலிருந்து வெள்ளைக்காரர்களை ஓசைப்படாமல் வெளியேற்றிவிட்டு, ஆசிய மக்களை விட்டுவிட்டுப் போனார்கள். டிசம்பர் 28இல் ஈப்போ ஜப்பானியர் கையில் விழுந்தது. 1942 பிப்ரவரியில், சிங்கப்பூர் வீழும் தறுவாயில், கெடா ஆட்களை ஏற்றிக்கொண்டு பத்தேவியா பக்கம் தப்பிச் சென்றது.

தோட்டத்தில் இருந்தவர்களுக்கு எந்தக் கப்பலும் வரவில்லை. அவர்களுக்கு வந்தது சயாம் போகும் ரயில். மரண ரயில் பாதை போடப் போன தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை.

அந்தக் கெடா போருக்குப் பின் விற்கப்பட்டது. வாங்கிய யூதக் கப்பல் நிறுவனம் 1947இல் 'கெட்மா' என்று ஓரெழுத்தைச் சேர்த்து ஓட்டியது. எபிரேய மொழியில் அதற்குக் கிழக்கு நோக்கி என்று பொருள். கிழக்கிலிருந்து போன கப்பலுக்கு இப்படியொரு பெயர்!

பெயர் இங்கேயே தங்கிவிட்டது. 1960களில் நம் கடற்படையின் சிறிய ரோந்துப் படகு ஒன்று 'ஸ்ரீ கெடா'. 2006இல் சேவையில் சேர்ந்த 'கே.டி. கெடா' அதைவிடப் பெரியது, ஆறு கப்பல்களின் வரிசையில் முதலாவது. அதே வரிசையைச் சேர்ந்த 'கே.டி. பேரா' நம் லூமுட்டிலேயே கட்டப்பட்டது.

வீட்டுப் பெரியவர்கள் ஒரு கப்பலின் பெயரைச் சொன்னால், எந்த ஆண்டு, எந்தத் துறைமுகம் என்றும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிந்து, பல குடும்பங்களில் பழைய காகிதமே மிஞ்சவில்லை. பெயரை மட்டும் நம்பித் தேடுகிற பேரன் கையில், பீரங்கி வைத்த சாம்பல் நிறக் கப்பலின் படம்தான் வந்து சேரும்.