லியனார்டோவின் குறிப்பேடுகள்

பள்ளியிலும் கல்லூரியிலும் நாம் கற்கும் பாடங்கள் தனித்தனியே பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஓவியம் ஒரு வகுப்பு. உடலியல் மற்றொரு வகுப்பு. பொறியியலுக்கு வேறொரு கல்லூரி. ஆயின், ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இத்தாலியில் வாழ்ந்த ஒருவருக்கு இந்தப் பிரிவுகள் எவையும் இல்லை. ஒரு பெண்ணின் புன்னகையைத் தீட்டிய அதே கையால் உதடுகளை அசைக்கும் தசைகளையும் அவர் வரைந்து காட்டினார். அவரே லியனார்டோ டா வின்சி. 'மோனா லிசா' ஓவியத்தால் உலகம் அவரை அறியும். அவர் எழுதியவற்றுள் இன்று நமக்குக் கிடைப்பன ஏறத்தாழ 7,000 பக்கங்கள். அக்குறிப்பேடுகளைக் கொண்டே அவருடைய பெருமையையும், அப்பெருமையோடு கலந்து நிற்கும் ஒரு குறையையும் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

1452ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், டஸ்கனிப் பகுதியிலுள்ள வின்சி என்னும் சிற்றூரை ஒட்டி அவர் பிறந்தார். தந்தையார் செர் பியரோ, பத்திரங்கள் எழுதிச் சான்றளிக்கும் தொழிலினர். தாயார் பெயர் கத்தரீனா. அவ்விருவரும் மணம் புரிந்துகொண்டவர் அல்லர். மணவாழ்விற் பிறவாத மகனுக்குத் தந்தையின் தொழிற்சங்கத்தில் இடமில்லை என்பது அக்காலத்துக் கட்டுப்பாடு. இலத்தீன் மொழிக் கல்வியும் அவருக்கு இளமையில் முறையாகக் கிட்டவில்லை. அறிஞர் நூல்கள் பெரும்பாலும் அம்மொழியிலேயே இருந்த காலம் அது. தமக்கு ஏட்டுக் கல்வி இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை. பிறர் உழைப்பை எடுத்து அணிந்துகொள்வோரினும் அனுபவத்தை ஆசானாகக் கொண்டவன் உயர்ந்தவன் என்று தம் குறிப்பிலே வாதிடுகின்றார்.

இளம் பருவத்திலேயே பிளாரன்ஸ் நகரில் வெரோக்கியோ என்னும் சிற்பியின் பட்டறையில் அவர் மாணவராகச் சேர்ந்தார். அத்தகைய பட்டறையில் ஓவியம் தீட்டுவதோடு வெண்கலம் வார்ப்பதும், பளிங்கு செதுக்குவதும், உலோகத் தகடுகளைப் பற்றவைப்பதும் நடைபெறும். பிளாரன்ஸ் பெருங்கோவிலின் கவிமாடத்து உச்சியில் நிற்கும் பெரிய செம்புக் கோளத்தைச் செய்யும் பொறுப்பு வெரோக்கியோவிடம் விடப்பட்டது. 1471ஆம் ஆண்டில் அது மேலே ஏற்றப்பட்டது. அதன் தகடுகளைப் பற்றவைத்த முறையை லியனார்டோ பல்லாண்டு கழித்தும் நினைவுகூர்ந்து எழுதினார். ஓவியரும் பொறியாளரும் ஒருவரிடத்தே ஒன்றியது எவ்வாறு என்பதற்கு அந்தப் பட்டறையே விடையாகும்.

முப்பது வயதளவில் அவர் மிலான் நகருக்குச் சென்றார். அந்நகரை ஆண்ட லுடோவிக்கோ ஸ்போர்ஸாவுக்கு எழுதிய விண்ணப்பத்தின் வரைவொன்று இன்றும் இருக்கின்றது. எளிதில் எடுத்துச் செல்லத்தக்க பாலங்கள் கட்டுவேன், அகழிநீரை வடிப்பேன், பீரங்கிகள் செய்வேன், மூடிய போர்வண்டிகள் அமைப்பேன் என்று அதில் ஒவ்வொன்றாக அடுக்கிச் சொல்கிறார். சிற்பமும் ஓவியமும் இறுதியிலேதான் இடம் பெறுகின்றன.

மிலானில் அவர் தீட்டிய 'கடைசி இராப்போசனம்' என்னும் சுவரோவியம் 1498ஆம் ஆண்டளவில் நிறைவுற்றது. உங்களுள் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்று இயேசுபிரான் கூறிய அந்தக் கணத்தில், சீடர் பன்னிருவர் உள்ளத்திலும் எழுந்த திகைப்பும் சினமும் துயரமும் அங்கே முகத்திலும் கையிலும் புலப்படுகின்றன. சுவரோவியம் தீட்டுவோர் ஈரச் சாந்து உலர்வதற்கு முன் வண்ணத்தைப் பூசிவிட வேண்டும். அப்போதுதான் வண்ணம் சுவரோடு ஒன்றிவிடும். அதற்கு விரைவு தேவை. லியனார்டோவோ விரைபவர் அல்லர். சில நாள் விடியற்காலை முதல் மாலைவரை உணவையும் மறந்து தீட்டுவார். சில நாள் கைகட்டி நின்று ஓவியத்தையே மணிக்கணக்காக நோக்கிக்கொண்டிருப்பார். சில நாள் எங்கிருந்தோ வந்து இரண்டொரு கோடுகளை இழுத்துவிட்டுப் போய்விடுவார். அவரை நேரிற் கண்ட பண்டெல்லோ என்னும் எழுத்தாளர் இவ்வாறு கூறுகின்றார். தம் இயல்புக்கு ஏற்ப, உலர்ந்த சுவரின்மீதே வண்ணம் தீட்டும் புதுமுறையை லியனார்டோ மேற்கொண்டார். விளைவு யாது? அவர் உயிரோடு இருக்கையிலேயே அந்த ஓவியம் உதிரத் தொடங்கிற்று. 1999ஆம் ஆண்டில் முடிவுற்ற செப்பனிடும் பணி மட்டும் இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது.

அவருடைய பொறுமையான பார்வை ஓவியத்துக்கு இடையூறாயிருந்திருக்கலாம். அறிவியலுக்கு அதுவே உயிராயிற்று. 1507-08ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பிளாரன்ஸ் நகரத்துச் சாந்தா மரியா நுவோவா மருத்துவமனையில் ஒரு முதியவரோடு அவர் உரையாடிக்கொண்டிருந்தார். தமக்கு நூறு வயது கடந்துவிட்டதென்றும், தளர்ச்சியன்றி உடம்பில் வேறு நோவு இல்லையென்றும் அம்முதியவர் சொன்னார். சிறிது நேரத்தில், கட்டிலில் அமர்ந்தபடியே, அமைதியாக அவர் உயிர் பிரிந்தது. அத்துணை இனிய சாவுக்குக் காரணம் என்ன என்று அறிய லியனார்டோ அவ்வுடலை அறுத்துப் பார்த்தார். இரத்தக் குழாய்களின் சுவர்கள் தடித்து, உள்வழி குறுகியிருந்தமையைக் கண்டார். இரண்டு வயதுக் குழந்தையொன்றின் உடலையும் ஆராய்ந்து, அதில் நிலைமை முற்றிலும் மாறாக இருந்ததையும் எழுதிவைத்தார். முதுமையில் நாடிகள் தடித்துக் குறுகும் நோயைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய தெளிவான குறிப்புகளுள் ஒன்று இது. முப்பதுக்கு மேற்பட்ட உடல்களைத் தாம் அறுத்து ஆராய்ந்ததாகத் தம் இறுதிக் காலத்தில் அவர் கூறியுள்ளார்.

1513ஆம் ஆண்டை ஒட்டி இதயத்தை ஆராய்ந்தபோது அவர் கையாண்ட முறை வியக்கத்தக்கது. இதயத்திலிருந்து பெருநாடி புறப்படும் வாயிலில் மூன்று சிறு தடுக்கிதழ்கள் இருக்கின்றன. வெளியே சென்ற குருதி மீண்டும் உள்ளே வாராமல் தடுப்பவை அவையே. அவை எவ்வாறு மூடிக்கொள்கின்றன? மாட்டின் இதயத்தை மாதிரியாகக் கொண்டு பெருநாடியின் அடிப்பகுதியைக் கண்ணாடியிற் செய்து, நீரில் புல்விதைகளைக் கலந்து ஓடவிட்டுப் பார்க்கலாம் என்று அவர் திட்டமிட்டு எழுதினார். இதழ்களுக்குப் பின்னாலுள்ள புடைப்புகளில் நீர் சுழல்வதையும், அச்சுழல்களே இதழ்களை விரித்து மூடச்செய்வதையும் படமாக வரைந்து காட்டினார். ஆற்றிலே பாலத் தூண்களைச் சுற்றி நீர் சுழல்வதை ஆண்டுக்கணக்காக நோக்கிய கண்ணுக்கு, இதயத்தின் உள்ளேயும் அதே சுழல் தென்பட்டது! 1968ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் நீரோடும் மாதிரியைக் கொண்டு இச்சுழல்களின் பணியை மெய்ப்பித்தார்கள். எனினும், குருதி உடலெங்கும் சுற்றிவருகிறது என்னும் உண்மை லியனார்டோவுக்குப் புலப்படவில்லை. அதை நிறுவிய ஹார்வியின் நூல் 1628ஆம் ஆண்டிலேதான் வெளிவந்தது.

மலைமேற் கிடைக்கும் கடற்சிப்பிகளைப் பற்றிய அவருடைய வாதமும் நினைவிற் கொள்ளத்தக்கது. நோவா காலத்துப் பெருவெள்ளம் அவற்றை அடித்துக்கொண்டு வந்தது என்று அக்காலத்தார் நம்பினர். லியனார்டோ ஓர் எளிய கணக்குப் போட்டார். உயிருள்ள சிப்பி ஈரமணலில் நாளொன்றுக்கு மூன்று நான்கு முழந்தான் நகரும். நாற்பது நாளில் இருநூற்றைம்பது மைலை அது எவ்வாறு கடந்திருக்கும்? வெள்ளம் வாரிக் கொண்டுவந்திருந்தால் எல்லாம் தாறுமாறாகக் கிடக்குமே. இவையோ இரு ஓடுகளும் இணைந்தபடி, அடுக்கடுக்காகக் கிடக்கின்றனவே! ஆகவே இம்மலைகள் ஒரு காலத்தில் கடலடியில் இருந்தவை என்று அவர் முடிவு செய்தார்.

இத்தனையும் கண்டவர் அவற்றுள் எதனையும் நூலாக வெளியிடவில்லை என்பதுதான் வருந்தத்தக்க செய்தி. அச்சுக்கலை இல்லாத காலமா அது? அன்று, லூக்கா பச்சோலி என்னும் கணித அறிஞரின் நூலுக்கு அவர் வரைந்தளித்த வடிவங்கள் 1509ஆம் ஆண்டில் அச்சேறின. உடற்கூற்றைப் பற்றிப் பெருநூல் ஒன்று எழுதவேண்டும் என்னும் எண்ணமும் அவருக்கு இருந்தது. உடன் ஆராய்ந்த மார்க்கந்தோனியோ டெல்லா தோரே என்னும் இளம் பேராசிரியர் 1511ஆம் ஆண்டில் கொள்ளைநோய்க்கு இரையானார். அன்றியும், ஒரு வினாவுக்கு விடை காணுமுன் பத்து வினாக்கள் எழும் உள்ளம் லியனார்டோவுடையது. மரங்கொத்தியின் நாக்கு எவ்வாறு அமைந்துள்ளது என்பதைக்கூட ஆராயவேண்டும் என்று குறித்துவைத்தவர் அவர். இடக்கையால் வலமிருந்து இடமாக, கண்ணாடியில் தெரியும் எழுத்தைப்போல, அவர் எழுதிய பக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன, நூலாக உருப்பெறவில்லை.

1519ஆம் ஆண்டு மே 2ஆம் நாள், பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சிசின் ஆதரவில், அம்புவாஸ் நகரில் தம் 67ஆம் வயதில் அவர் காலமானார். ஏடுகள் அவருடைய மாணவர் மெல்சியிடம் சேர்ந்தன. மெல்சி அவற்றைக் கண்ணெனக் காத்தார். அவருக்குப் பின் அவை பல நாடுகளுக்குச் சிதறின. 1543ஆம் ஆண்டில் வெசாலியஸ் தம் உடற்கூற்று நூலை அச்சிட்டார்; புதிய உடற்கூற்றியல் அந்நூலிலிருந்தே தொடங்கிற்று. லியனார்டோவின் படங்களோ 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேதான் அச்சில் ஒழுங்காக வரத் தொடங்கின. பெருநாடிப் புடைப்புகளில் அவர் சுழல்களைக் கண்டார். ஆயின் அப்புடைப்புகள் இன்று ஏறத்தாழ இருநூறு ஆண்டு பிற்பட்ட வால்சால்வாவின் பெயரால் வழங்குகின்றன. பெயர் போனது சிறிய இழப்பே. அந்த ஏடுகள் அன்றே வெளிவந்திருந்தால் எத்தனை மாணவர் அவற்றைக் கற்று, பிழை திருத்தி, மேலே சென்றிருப்பார்கள்! அதுவே பெரிய இழப்பு.

மாணவ நண்பர்களே, லியனார்டோவின் ஆற்றல் நம் எல்லோர்க்கும் வாய்ப்பதன்று. அவருடைய பழக்கம் நமக்கு வாய்க்கும். தேர்வுக்கு எழுதும் குறிப்பேட்டோடு மற்றொரு குறிப்பேடும் உங்களிடம் இருக்கட்டும். ஓர் இலையின் நரம்பையோ, வாய்க்கால் நீரின் சுழலையோ கூர்ந்து நோக்கி அதில் வரையுங்கள். வரையத் தொடங்கிய பின்னரே, எதனை நாம் சரியாகப் பார்க்கவில்லை என்பது விளங்கும். வரைந்தபின் ஏட்டை மூடிவைத்துவிடாதீர்கள். நண்பரிடமும் ஆசிரியரிடமும் காட்டுங்கள். அவர்கள் கேட்கும் வினாக்களுக்கு விடை தேடுங்கள். லியனார்டோ செய்ததையும், அவர் செய்யாமல் விட்டதையும் ஒருங்கே கற்றவர்கள் ஆவீர்கள்.