கடைச் சுவைக் கோழி வறுவல், நம் வீட்டு அடுப்பில்

(அறக்கட்டளையின் மாதாந்திர மகளிர் நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

சென்ற கூட்டத்தில் வீட்டு வரவு செலவைப் பற்றிப் பேசினோம். முடிவில் பல தாய்மார்கள் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "கேஎஃப்சி வேணும்னு பிள்ளைகள் அடம் பிடிக்குதுங்க. வீட்டில் செய்தால் அந்த மாதிரி வரவில்லை என்று தட்டைத் தள்ளி விடுதுங்க. என்ன செய்வது?" இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் நாலு பேர் உள்ள குடும்பம் ஒரு தடவை கடைக்குப் போய் வந்தால் என்ன ஆகிறது என்று உங்களுக்குத் தெரியும். அரை வாரக் காய்கறிச் செலவு ஒரே மாலையில் போய்விடும். அந்தக் கோழி யார் கையால், எப்படி அறுக்கப்பட்டது என்ற சந்தேகம் சிலருக்கு உண்டு. எண்ணெய் எத்தனை நாள் எண்ணெய் என்ற கவலை வேறு. அதனால் பிள்ளையின் ஆசையையும் மறுக்காமல், நம் மனமும் சங்கடப்படாமல் வீட்டிலேயே செய்து கொடுக்கும் வழியைப் பார்ப்போம்.

முதலில் இந்தப் பண்டத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். கதை தெரிந்தால் சமையலும் புரியும்.

மாவில் புரட்டிய கோழியை எண்ணெயில் பொரிப்பது அமெரிக்காவின் தென்பகுதி வழக்கம். அங்கே அடிமைகளாக இருந்த கறுப்பினப் பெண்களின் கைப்பக்குவம் அதில் நிறைய உண்டு. ஹார்லண்ட் சாண்டர்ஸ் என்பவர் 1930ல் கென்டக்கி மாநிலத்துக் கோர்பின் என்ற ஊரில் பெட்ரோல் பங்க் நடத்தி, வழிப்போக்கர்களுக்குச் சாப்பாடும் போட்டார். இரும்புச் சட்டியில் கோழி வேக அரை மணி நேரம் ஆனது. வந்தவர்கள் காத்திருக்க மாட்டார்கள். அப்போது புதிதாக வந்திருந்த பிரஷர் குக்கரைப் பொரிப்பதற்கு ஏற்றபடி மாற்றி நேரத்தைக் குறைத்தார். 1952ல் முதல் கிளை உரிமையை யூட்டா மாநிலத்தில் கொடுத்தார். பிறகு புதிய நெடுஞ்சாலை அவர் கடையை ஒதுக்கிவிட்டுப் போனது. 65 வயதுக்கு மேல் ஊர் ஊராகப் போய், ஓட்டல்காரர்களுக்குத் தன் கோழியைப் பொரித்துக் காட்டித்தான் தொழிலை வளர்த்தார். இந்தியாவில் முதல் கிளை 1995ல் பெங்களூரில் வந்தது.

கோழியைப் பொரிப்பது நமக்கும் புதிதல்ல. சென்னை புகாரி ஓட்டலில் 1965ல் வந்ததாகச் சொல்லப்படும் சிக்கன் 65ஐத் தெரியாத வீடு இங்கே இருக்காது. நம் வறுவலில் மசாலா இறைச்சியோடு ஒட்டியிருக்கும். அவர்கள் வறுவலில் மேலே மொறுமொறுவென்று தனி ஓடு இருக்கும், உள்ளே இறைச்சி சாறோடு இருக்கும். நம் பிள்ளைகள் கேட்பது அந்த ஓட்டைத்தான். அந்த ஓடு எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

"பதினோரு மூலிகை, மசாலா ரகசியம்" என்று பெரிதாகப் பேசுவார்கள். 2016ல் ஒரு அமெரிக்கப் பத்திரிகை, சாண்டர்ஸின் உறவினர் வைத்திருந்த கையெழுத்துக் குறிப்பை வெளியிட்டது. அதுதான் உண்மையான குறிப்பு என்று நிறுவனம் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் குறிப்பில் உள்ளவை மிளகு, வெள்ளை மிளகு, மிளகாய்ப் பொடி, பூண்டு உப்பு, இஞ்சிப் பொடி, கடுகு, உப்பு, சில காய்ந்த இலைகள். நம் அஞ்சறைப் பெட்டிக்கு இவற்றில் பெரும்பாலானவை அந்நியம் இல்லை. அதில் எடுப்பாக இருப்பது வெள்ளை மிளகு. அந்தக் கடை வாசனைக்கு முக்கியக் காரணம் அதுதான். தைம் என்ற இலை கிடைக்காவிட்டால் கவலைப்படாதீர்கள். தைமுக்கு மணம் தரும் பொருளேதான் நம் ஓமத்துக்கும் மணம் தருகிறது. ஒரு சிட்டிகை ஓமத்தை நுணுக்கிப் போட்டால் போதும்.

இனி செய்முறை. ஒரு கிலோ கோழிக்குக் கணக்குச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

கடையில் தோலை உரிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தோல் இருந்தால் மாவு நன்றாகப் பிடிக்கும், இறைச்சியும் காயாது. தோல் பிடிக்காதவர்கள் உரித்தும் செய்யலாம். எலும்போடு எட்டு அல்லது ஒன்பது பெரிய துண்டுகளாக வெட்டச் சொல்லுங்கள்.

முதல் படி, ஊறவைப்பது. ஒரு கப் தயிரில் கால் கப் தண்ணீர் விட்டுக் கடையுங்கள். இரண்டரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டு தேக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, ஒரு தேக்கரண்டி மிளகுத்தூள், ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள் சேர்த்துக் கோழியைப் புரட்டி, மூடி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். குறைந்தது நாலு மணி நேரம்; முந்தின இரவே வைத்தால் இன்னும் நல்லது. வெளியே வைக்காதீர்கள். உப்பு மெல்ல உள்ளே இறங்கி இறைச்சி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளச் செய்கிறது. மோரின் புளிப்பு இறைச்சியை மென்மையாக்குகிறது. வீட்டில் செய்வது "உள்ளே சப்பென்று இருக்கு" என்று பிள்ளைகள் சொல்வதற்குக் காரணம் இந்தப் படியை அரை மணி நேரத்தில் முடித்துவிடுவதுதான்.

இரண்டாவது, மாவு. இரண்டு கப் மைதா, அரை கப் சோள மாவு, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு தேக்கரண்டி உப்பு, இரண்டு தேக்கரண்டி வெள்ளை மிளகுத்தூள், ஒரு தேக்கரண்டி மிளகுத்தூள், மூன்று தேக்கரண்டி காஷ்மீர் மிளகாய்த்தூள், ஒரு தேக்கரண்டி பூண்டுப் பொடி, ஒரு தேக்கரண்டி சுக்குப்பொடி, அரைத் தேக்கரண்டி கடுகுப் பொடி, சிட்டிகை ஓமம். சோள மாவு மொறுமொறுப்பைத் தரும். பேக்கிங் பவுடர் ஓட்டுக்குள் காற்றை உண்டாக்கி அதை லேசாக்கும். கேசரிப் பவுடர் எதுவும் வேண்டாம். கபாப், மீன் வறுவல் இவற்றில் செயற்கை நிறம் சேர்ப்பதைக் கர்நாடக அரசு 2024ல் தடை செய்ததைப் படித்திருப்பீர்கள். காஷ்மீர் மிளகாயின் நிறமே போதும்.

மூன்றாவது, புரட்டுவது. ஓடு இங்கேதான் உருவாகிறது. ஊறிய துண்டை எடுத்து மாவில் போட்டு உள்ளங்கையால் அழுத்துங்கள். உதறிவிட்டு, குளிர்ந்த தண்ணீரில் நாலைந்து வினாடி முக்கி எடுங்கள். மறுபடியும் மாவில் போட்டு, அள்ளி அள்ளிப் போட்டு அழுத்திப் புரட்டுங்கள். ஈரமும் மாவும் சேர்ந்து செதில் செதிலாக ஒட்டிக்கொள்ளும். அந்தச் செதில்தான் எண்ணெயில் மொறுமொறுப்பாக மாறுகிறது. புரட்டிய துண்டுகளைத் தட்டில் பத்து நிமிடம் விடுங்கள். மாவு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டால் எண்ணெயில் உதிராது.

நாலாவது, பொரிப்பது. கனமான, குழிவான சட்டியில் பாதிக்கு மேல் எண்ணெய் வேண்டாம். சூடு 175 டிகிரி. சமையல் வெப்பமானி ஒன்று வாங்கி வைத்தால் பல வருடம் உதவும். இல்லாவிட்டால் துளி மாவை விட்டுப் பாருங்கள். அடியில் போய் உடனே நுரைத்து மேலே வந்தால் பதம். வந்தவுடன் கருகினால் சூடு அதிகம். மூன்று நாலு துண்டுக்கு மேல் ஒரே நேரத்தில் போடாதீர்கள். அதிகம் போட்டால் சூடு சரிந்து கோழி எண்ணெயைக் குடிக்கும். போட்ட பிறகு தீயை மிதமாக வைத்து 12 முதல் 15 நிமிடம் பொரியுங்கள். எலும்பருகே உள்ள இறைச்சி 74 டிகிரி சூட்டைத் தொட்டிருக்க வேண்டும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். இளம் கோழியில் வெந்த பிறகும் எலும்போரம் சிவந்திருக்கலாம். வேகாத கோழி வெளுத்தும் தெரியலாம். பொரித்ததைக் கம்பி வலையில் வையுங்கள். மூடி வைத்தால் ஆவியில் ஓடு நமுத்துவிடும்.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். சமையலைவிட இதற்காகத்தான் இன்று பேச ஒத்துக்கொண்டேன்.

சாண்டர்ஸ் பிரஷர் குக்கரில் பொரித்தார் என்று கேட்டுவிட்டு, யாரும் வீட்டுக் குக்கரில் எண்ணெய் ஊற்றி மூடிவிடாதீர்கள். நம் குக்கர் தண்ணீர் ஆவிக்குச் செய்தது. கொதிக்கும் எண்ணெயின் சூட்டை அதன் கேஸ்கட் தாங்காது. மூடி தெறித்தால் முகம் போய்விடும். கடைகளில் இருப்பது அதற்கென்றே செய்த வேறு இயந்திரம்.

பொரிக்கும்போது துப்பட்டாவை இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகளை அடுப்படியில் நிறுத்தாதீர்கள். எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, தட்டையான மூடியால் சட்டியை மூடுங்கள். சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். கையில் எண்ணெய் பட்டால் வளையல், மோதிரத்தைக் கழற்றி, குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மை, காப்பித்தூள் எதுவும் பூசாமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

பச்சைக் கோழியைக் குழாயடியில் வேகமாகக் கழுவினால் கிருமி தெறித்துப் பாத்திரம், காய்கறி எல்லாவற்றிலும் படும். கழுவாமல் மனம் ஒப்பாது என்றால், பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி மெதுவாக அலசுங்கள். பிறகு தொட்டியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கோழி வெட்டிய பலகையில் சாலட் நறுக்காதீர்கள்.

பொரித்த எண்ணெயை வடிகட்டி ஓரிரு நாளுக்குள் தாளிப்புக்குப் பயன்படுத்தித் தீர்த்துவிடலாம். கறுத்து, கெட்டியாகி, நுரைத்தால் தூக்கிப் போடுங்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் கேடான பொருட்கள் சேரும். அந்தப் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. கடைக்குள்ள விதியை நம் வீட்டுக்கும் வைத்துக்கொள்வோம்.

ஹலால் விஷயத்தில் ஒரு வார்த்தை. வீட்டில் செய்யும்போது பெரிய ஆறுதல், தெரிந்த கடையில், கண் முன்னே அறுத்து வாங்கலாம் என்பதுதான். பாக்கெட் மசாலாவும் உறைந்த கோழியும் வாங்குகிறவர்கள் முத்திரையையும் பொருள் பட்டியலையும் படித்து வாங்குங்கள். வெளியில் சாப்பிட நேர்ந்தால் அந்தக் கிளையிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. கேட்காமல் பழி சொல்வதும் சரியில்லை.

வீட்டில் செய்தாலும் இது பொரித்த பண்டம்தான். வாரா வாரம் வேண்டாம். மாதம் ஒருமுறை, பெருநாள், விருந்தாளி வரும் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடவே வெள்ளரியும் கேரட்டும் நறுக்கி வையுங்கள். வீட்டில் சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய் உள்ள பெரியவர்களுக்கு மாவு ஓட்டை நீக்கி ஒரு சிறு துண்டு போதும்.

இந்தக் கைப்பக்குவம் வந்துவிட்டால் மாலை நேரத்தில் ஆர்டர் எடுத்துச் சம்பாதிக்கலாம் என்று நினைக்கும் சகோதரிகள் இங்கே இருப்பீர்கள், குறிப்பாகத் தனியாகக் குடும்பத்தைச் சுமக்கிறவர்கள். தாராளமாகச் செய்யுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துவிட்டுத் தொடங்குங்கள். எண்ணெய்ச் செலவை மறக்காமல் கணக்கில் சேர்த்து விலை வையுங்கள். பலர் நஷ்டப்படுவது அங்கேதான்.

கடைசியாக ஒன்று. குழம்பு வைத்தால் பக்கத்து வீட்டையும் நினைத்துக்கொள்ளும் வழியில் வந்தவர்கள் நாம். இந்த வறுவலின் வாசனை நாலு வீடு போகும். வாசனை போகிற வீட்டில் வாங்கிக் கொடுக்க வழியில்லாத பிள்ளை இருந்தால், முதல் தட்டிலிருந்து இரண்டு துண்டு அங்கே போகட்டும். நம் பிள்ளையின் கையாலேயே கொடுத்தனுப்புங்கள்.

அல்லாஹ் நம் அடுப்பங்கரைகளில் பரக்கத் செய்வானாக. நம் பிள்ளைகளுக்கு ஹலாலான, நலமான உணவைத் தருவானாக. வஸ்ஸலாம்.