நம்ம கிளாஸைப் பிரிச்சு எடுக்கலாமா? பைத்தான்ல அன்பேக்கிங்

உத்தனப்பள்ளியிலிருந்து பேசுறேன். நாமே எழுதின கிளாஸோட ஆப்ஜெக்ட்டை பைத்தான்ல எப்படி அன்பேக் பண்றது, எப்போ பண்ணாம இருக்குறது நல்லது? இதான் இன்னைக்கு விஷயம்.

ஓசூர்–ராயக்கோட்டை ரோட்டுல ஓடுற வண்டிகளை டிராக் பண்ண ஒரு ஆப் எழுதுறீங்கன்னு வெச்சுக்கோங்க. 'இடம்'னு ஒரு கிளாஸ். உள்ள லாட்டிட்யூட், லாஞ்சிட்யூட் ரெண்டு மட்டும்தான். "லாட், லாங் = ஊர்"னு ஒரே வரியில எடுக்கப் பார்த்தா டைப்எரர் வரும். இதுவே டப்பிளா இருந்தா அழகா பிரிஞ்சிருக்கும்.

ஏன்? சமக்குறிக்கு இடதுபக்கம் ரெண்டு பேர் இருந்தா, பைத்தான் வலதுபக்க ஆப்ஜெக்ட்கிட்ட ஒரு இட்டரேட்டர் கேட்கும். அதைக் கொடுத்தா போதும், டப்பிளாத்தான் இருக்கணும்னு இல்ல. அதனால கிளாஸ்ல டண்டர் இட்டர் மெத்தட் ஒண்ணு எழுதுங்க. முதல் வரி: யீல்டு செல்ஃப் டாட் லாட். அடுத்த வரி: யீல்டு செல்ஃப் டாட் லாங். அவ்வளவுதான். ஃபங்ஷனைக் கூப்பிடும்போது ஒற்றை ஸ்டார் போட்டு அனுப்புறது, ஃபார் லூப் எல்லாமே இதுலயே வேலை செய்யும். ரெட்டை ஸ்டாருக்கு மட்டும் கீஸ், டண்டர் கெட்ஐட்டம் ரெண்டும் வேணும்.

இப்போ உஷாரா இருக்க வேண்டிய இடம். அன்பேக்கிங் பேரைப் பார்க்காது, வரிசையை மட்டும்தான் பார்க்கும். எண்ணிக்கை தப்பினா வேல்யூஎரர் வந்து கத்தும். வரிசை மாறினா சத்தமே வராது. நம்ம ஊர் கிட்டத்தட்ட 12.6 வடக்கு, 77.9 கிழக்கு. மேப் டேட்டாவுக்குப் பயன்படுற ஜியோஜேசான்ல, 2016-ல வந்த ஆர்எஃப்சி 7946 படி, லாஞ்சிட்யூட்தான் முதல்ல. அந்த வரிசையில வந்ததை அப்படியே 'லாட், லாங்'னு பிரிச்சா வண்டி நார்வேயோட ஸ்வால்பார்ட் பக்கம் ஆர்க்டிக் கடல்ல நிக்கும். ரெண்டுமே ஃப்ளோட், ரெண்டுமே செல்லுபடியாகுற எண். பைத்தானுக்குச் சந்தேகமே வராது.

2018-ல 3.7-ல வந்த டேட்டாகிளாஸ் தானா அன்பேக் ஆகாது. வேணும்னா ஆஸ்டப்பிள் இருக்கு, இல்ல டண்டர் இட்டரை நாமே எழுதணும். நேம்ட்டப்பிள் தானா பிரியும். ஆனா அதே எண்கள் இருக்குற எந்த டப்பிளோட ஒப்பிட்டாலும் 'சமம்'னு சொல்லிடும்.

என் கணக்கு இதுதான்: வரிசை எல்லாருக்கும் ஒண்ணாத்தான் தோணும்னா இட்டர் எழுதுங்க. ரெண்டு விதமா யோசிக்க வாய்ப்பு இருந்தா, ஊர் டாட் லாட்னு பேரைச் சொல்லியே எடுங்க. நாலு எழுத்து கூடுதலா டைப் பண்றதால ஒண்ணும் குறைஞ்சிடாது.