உயரம் எங்கே போனது?

என் மனைவியின் தம்பி தாண்டிக்குடிப் பக்கம் காபித் தோட்டம் வைத்திருக்கிறார். காபி, மிளகு, நடுவே கொஞ்சம் மலைவாழை. தார் ரோட்டை விட்டு இறங்கினால் தோட்டத்து வீட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர் மண் பாதை. மழைக்காலத்தில் அதைப் பாதை என்று சொன்னால் ஓடை கோபித்துக்கொள்ளும். அதில் மூட்டை ஏற்றிப் போய்வர அவரிடம் இருப்பது, பத்து வருஷம் உழைத்த ஒரு டபுள் கேபின் பிக்கப். மூன்றாவது வளைவில் ஒரு பாறை தலையை நீட்டிக்கொண்டிருக்கும். போகும்போது ஒரு தட்டு, வரும்போது ஒரு தட்டு. வண்டியின் அடிவயிற்றில் 'டங்' என்று சத்தம் கேட்கும். உள்ளே இருக்கும் நமக்கே வலிக்கும்.

போன வருஷம் ஒரு நாள் செல்பேசியில் ஒரு வீடியோவைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். "மாமா, இதப் பாருங்க. மூணு இஞ்ச் லிஃப்ட் கிட். நாலு இரும்புத் துண்டு, கொஞ்சம் போல்ட்டு. ஒரு ஞாயித்துக்கிழமை நாமளே மாட்டிரலாம். வண்டி ஜம்முனு நிக்கும்."

ஜம்மென்று நிற்கும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆஸ்திரேலியாவில், அமெரிக்காவில், தாய்லாந்தில் பிக்கப்பைத் தூக்கி நிறுத்துவது ஒரு தனித் தொழில். மெல்போர்னில் 1975-இல் தொடங்கிய ஏஆர்பி நிறுவனம் இந்த மாதிரிச் சாமான்களை விற்றே உலகப் பெயர் எடுத்தது. ஆனால் அந்த நாலு இரும்புத் துண்டு என்ன செய்கிறது, எதைச் செய்யாது என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுக்கலாம் என்றேன்.

முதலில் முன்பக்கம். இசுஸு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற வண்டிகளில் முன் சக்கரத்துக்குக் காயில் ஸ்பிரிங். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட்டின் தலையில் ஒரு வட்டமான ஸ்பேசரை வைத்து இறுக்குவதுதான் மலிவான வழி. ஸ்ட்ரட்டின் கால் சக்கரத்தில் உட்காருவதில்லை. சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கீழ் ஆர்மின் நடுவாக்கில் உட்காருகிறது. அதனால் ஒரு அங்குல ஸ்பேசர் வைத்தால் சக்கரத்தில் ஏறக்குறைய இரண்டு அங்குலம் தெரியும். மூன்று அங்குலம் வேண்டும் என்று மூன்று அங்குல ஸ்பேசரைத் தலையில் திணித்தவர்கள் உண்டு. மேல் ஆர்மின் பால் ஜாயின்ட் அதன் எல்லைவரை மடங்கி நிற்கும். நாலு சக்கர டிரைவ் வண்டியென்றால் முன் ஆக்ஸில் தண்டு கோணலாகச் சுழன்று ரப்பர் பூட்டைக் கிழித்துக்கொள்ளும். இரண்டு, இரண்டரை அங்குலத்தைத் தாண்டினால் மேல் ஆர்மையே மாற்றியாக வேண்டும் என்பதுதான் தொழில் தெரிந்தவர்கள் சொல்லும் கணக்கு. கிட்டின் விலையில் அந்த ஆர்மின் விலை சேர்ந்திருக்காது.

பின்பக்கம் கமான் பட்டை. அங்கே மலிவான வழி, பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஒரு இரும்பு பிளாக்கை வைத்து, நீளமான யு போல்ட் போட்டு இறுக்குவது. சின்ன பிளாக் என்றால் குடி முழுகிவிடாது. பிளாக் மேல் பிளாக் அடுக்கினால், பிரேக் பிடிக்கும்போதும் மேட்டில் இழுக்கும்போதும் ஆக்ஸில் முறுக்கும், பட்டை பாம்பு மாதிரி வளையும். வேலைக்காகாத மரக்கட்டையைச் செதுக்கி வைத்த ஒரு மகானையும் நான் பார்த்திருக்கிறேன். அதைவிட நல்ல வழி பட்டையில் ஒரு ஏடு கூட்டுவது. வண்டி உயரும், சுமை தாங்கும், ஆனால் காலி வண்டியில் போனால் முதுகெலும்புகளை எண்ணிக்கொள்ளலாம்.

இத்தனையும் செய்தாலும் அந்த மூன்றாம் வளைவுப் பாறை பின்னால் எங்கே தட்டுகிறது? பின் ஆக்ஸிலின் நடுவே குடம் மாதிரித் தொங்குகிறதே, டிஃபரன்ஷியல், அதில்தான். ஆக்ஸில் சக்கரத்தோடு ஒட்டியது. ஸ்பிரிங் அதற்கு மேலே இருக்கிறது. ஸ்பிரிங்கை எவ்வளவு தூக்கினாலும் பாடிதான் மேலே போகும். அந்தக் குடம் இருந்த இடத்திலேயே இருக்கும், ஒரு மில்லிமீட்டர்கூட அசையாது. அதை உயர்த்துவது டயர் மட்டும்தான். அதிலும் கஞ்சத்தனம்: டயரின் விட்டம் கூடுவதில் பாதிதான் நமக்குக் கிடைக்கும். 265/65 ஆர் 17 டயரின் விட்டம் சுமார் 776 மில்லிமீட்டர். 265/70 போட்டால் 803. வித்தியாசம் 27, ஆக்ஸிலுக்குக் கீழே கிடைப்பது சுமார் 13 மில்லிமீட்டர். ஒரு விரல் கனம். இதற்கே ஸ்பீடோமீட்டர் மூன்று சதவீதத்துக்கு மேல் குறைத்துக் காட்ட ஆரம்பித்துவிடும்.

இதைச் சொன்னதும் மச்சான் கொஞ்சம் சுணங்கினார். "சரி, வாங்க, பாய்கிட்ட கேப்போம்" என்றார்.

வத்தலக்குண்டில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் பாய் இருக்கிறார். வீடியோவை முழுசாகப் பார்த்தார். செல்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். "தூக்குறது இருக்கட்டும். கம்பெனி குடுத்த உயரம் இன்னும் இருக்கான்னு பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தார்.

சக்கரத்தின் நடுமையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்புவரை அளந்தார். தரையிலிருந்து அளந்தால் டயர்க் காற்றும் தேய்மானமும் கணக்கைக் கெடுத்துவிடும் என்பதால் இப்படி. நாலு சக்கரத்திலும் அளந்து, சுவரில் கரித்துண்டால் எழுதிக்கொண்டார். அதே மாடலில், அதிகம் ஓடாத ஒரு வண்டி பக்கத்து ஷெட்டில் சர்வீசுக்கு வந்திருந்தது. அதையும் அளந்தார். எங்கள் வண்டி முன்னால் மூன்று சென்டிமீட்டர் குறைவு. பின்னால் இடது பக்கம் மூன்றரை, வலது பக்கம் நாலரை. நம் ஊரில் டிரைவர் உட்காருவது வலது பக்கம். பத்து வருஷமாக அவருடைய எடை அந்தப் பக்கப் பட்டையில்தானே உட்கார்ந்திருக்கிறது!

மச்சான் விலை கொடுத்து வாங்க நினைத்த மூன்று அங்குலம் என்பது ஏழரை சென்டிமீட்டர். அதில் ஏறக்குறைய பாதி அவர் வண்டியிலேயே தொலைந்து கிடந்தது.

இந்த இடத்தில் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கடைகளில் லிஃப்ட் கிட் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பிலிருந்து பதிவுச் சான்றிதழ் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருஷத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் வண்டிச் சொந்தக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் ஆள் முதலில் குனிந்து பார்ப்பதும் அந்த மாற்றத்தைத்தான். ஆனால் தொலைந்த உயரத்தைத் திரும்ப வைப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அது ரிப்பேர்.

எங்கள் வண்டியின் முன்பக்கம் காயில் ஸ்பிரிங் இல்லை, டார்ஷன் பார். சில பிக்கப்புகளில் வந்ததுதான். ஈரத் துணியைப் பிழிவது போல் முறுக்கிக்கொண்டு எடை தாங்கும் ஒரு நீளமான எஃகுத் தண்டு. அதன் பின்முனையில் ஒரு போல்ட் இருக்கும். அதைத் திருகினால் முன்பக்கம் ஏறும். சாமான் செலவே இல்லாத லிஃப்ட் என்று பலர் இதை இஷ்டத்துக்கு முறுக்குகிறார்கள். அப்படி முறுக்கினால் சக்கரம் கீழே தொங்குவதற்கு இடம் இருக்காது. பள்ளத்தில் இறங்கும்போது சக்கரம் அந்தரத்தில் நின்று 'டக், டக்' என்று அடிக்கும். பாய் ஜாக்கி வைத்து எடையை எடுத்தார், கொஞ்சம் திருகினார், இறக்கினார், வண்டியை முன்னும் பின்னும் நாலு முறை உருட்டச் சொன்னார், மறுபடி டேப். சுவரில் எழுதிய எண் வந்ததும் நிறுத்திவிட்டார். "இன்னும் ஒரு சுத்து, பாய்" என்று மச்சான் கெஞ்சினார். பாய் ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டியில் போட்டார். அதுதான் பதில்.

பின்பட்டையைக் கழற்றித் திண்டுக்கல்லில் ஒரு பட்டை வேலைப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். எங்கள் திட்டம், பழைய பட்டையையே சூடுபோட்டு வளைவு ஏற்றுவது. அதுதான் மலிவு. பட்டறைப் பெரியவர் ஏடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தார். மண்ணெண்ணெய் தடவி, சற்றுப் பொறுத்து, காய்ந்த துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, மேலே சாக்பீஸைத் தேய்த்தார். நான் எதற்கென்று கேட்கவில்லை, பார்த்துக்கொண்டே நின்றேன். முதல் ஏட்டில் ஒன்றுமில்லை. இரண்டாவது ஏட்டில், சென்டர் போல்ட் துளையை ஒட்டி, வெள்ளைப் பூச்சின்மேல் தலைமுடி மாதிரி ஒரு ஈரக் கோடு மெல்ல எழுந்து வந்தது. விரிசலுக்குள் பதுங்கியிருந்த மண்ணெண்ணெய் சாக்பீஸில் ஊறி வெளியே வருகிறது! யு போல்ட்டின் இறுக்கத்துக்குள்ளே, வெளியிலிருந்து யார் கண்ணுக்கும் படாத இடம். இதன்மேல் ஒரு பிளாக்கை வைத்து நாங்கள் ஞாயிற்றுக்கிழமை இறுக்கியிருப்போம்.

"இத அடிச்சுக் குடுத்தா எனக்குக் கூலி, தம்பி. மலையில ஒடஞ்சா யாருக்கு?" என்றார் பெரியவர். நல்ல பட்டையையே வளைவு ஏற்றுவதிலும் பக்குவம் வேண்டும் என்று விளக்கினார். உலையில் செக்கச் சிவக்கக் காய்ச்சி, வளைத்து, எண்ணெயில் முக்கிவிட்டு, மறுபடி அளவான சூட்டில் பதப்படுத்த வேண்டும். அந்தக் கடைசிச் சூட்டைக் கொடுக்காமல் விட்டால் பட்டை கண்ணாடி மாதிரி ஒடியும். வெறுமனே சம்மட்டியால் அடித்து நிமிர்த்தியது சில மாதத்தில் பழைய கிடைக்கே போய்விடும். ஒரு பக்கம் மட்டும் புதுசு போட்டால் வண்டி சாய்ந்து நிற்கும். கடைசியில் இரண்டு பக்கத்துக்கும் கம்பெனி அளவிலேயே புது பட்டை செட் வாங்கினோம். கூடவே புது யு போல்ட், புஷ், ஷாக் அப்சார்பர். கிட்டும் மேல் ஆர்மும் சேர்த்து மச்சான் போட்டு வைத்திருந்த கணக்குக்குள் இது அடங்கிவிட்டது.

பழைய யு போல்ட் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒருமுறை இழுத்து இறுக்கியதில் அது நீண்டுபோயிருக்கும், மறுபடி பிடிக்காது. அதில் மிச்சம் பிடிக்க நினைப்பவர்களை எனக்குப் புரிவதேயில்லை.

மாட்டும்போது பாய் ஒரு விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பாக இருந்தார். பட்டையின் இரண்டு முனைக் கண்களிலும் ரப்பர் புஷ்ஷுக்குள் போகும் போல்ட்டை, வண்டி ஜாக்கியில் நிற்கும்போது இறுக்கவே விடவில்லை. கையால் பிடிக்கும் அளவுக்குத்தான். சக்கரத்தைப் பூட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, தன் எடையில் அது உட்கார்ந்த பிறகுதான் அடியில் படுத்து முழுசாக இறுக்கினார். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். தரைக்கு இறக்கியதும் முறுக்கிக்கொண்டு நிற்கும், சீக்கிரமே கிழியும். யு போல்ட் நாலையும் எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கினார், ஒரே மூச்சில் ஒரு பக்கம் அல்ல. 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோனபோது இரண்டு நட்டு கால் சுற்று ஏறியது.

பட்டை மாட்டிய அன்றைக்கே வீல் அலைன்மென்ட். உயரம் மாறினால் சக்கரத்தின் சாய்வும் நேரும் மாறும். அதை விட்டால் புது டயர்கூட ஓரம் தேய்ந்துபோகும். இரவில் சுவருக்கு எதிரே நிறுத்தி ஹெட்லைட்டையும் சரிபார்த்தோம். பின் ஆக்ஸிலோடு ஒரு சின்னக் கம்பியால் இணைந்த பிரேக் வால்வு இந்த வண்டியில் உண்டு. பின்பக்கம் தாழ்ந்தால் சுமை இருக்கிறது என்று எண்ணிப் பின் பிரேக்கைக் கூட்டும், உயர்ந்தால் காலி வண்டி என்று குறைத்துவிடும். கம்பெனி உயரத்தில் அது சரியாக வேலை செய்கிறது. மூன்று அங்குலம் தூக்கியிருந்தால், மூட்டை நிறைய இருக்கும்போதும் அது குறைவாகவே எடைபோட்டிருக்கும். தாண்டிக்குடி இறக்கத்தில்.

வண்டி இப்போது நேராக நிற்கிறது. முன்பக்கம் தட்டுவது நின்றுவிட்டது. ஆனால் மூன்றாம் வளைவில் டிஃபரன்ஷியல் மட்டும் அப்படியேதான் தட்டிக்கொண்டிருந்தது. ஒரு காலையில் மச்சானும் தோட்டத்தில் வேலை செய்யும் இரண்டு பேரும் கடப்பாரையோடு போனார்கள். அரை மணி நேரத்தில் பாறை பெயர்ந்து வந்துவிட்டது. உருட்டிக்கொண்டு வந்து கிணற்றடியில் போட்டிருக்கிறார்கள். துணி துவைக்க வாகாக இருக்கிறதாம்.