சிற்றணியின் சரித்திரம்



உலகப் புகழ் பெற்ற அணிகளின் வெற்றிகளை எடுத்துரைக்க மேடைகள் அநேகம் உண்டு. சிறிய லீக்குகளில் ஆடி, ஒரு பருவம் வாழ்வதும் மறு பருவம் தத்தளிப்பதுமாகக் காலந்தள்ளும் அணிகளைப் பற்றிப் பேசுவோர் அரியர். ஆகவே, அமெரிக்க தேசத்து அயோவா மாநிலத்தின் தலைநகராகிய டி மொயின் நகரில் தோன்றிய 'அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ்' என்னும் உள்ளரங்கக் கால்பந்து அணியின் வரலாற்றைச் சற்று விஸ்தாரமாகச் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்கர் கால்பந்து என்று வழங்குவது நாம் அறிந்த ஆட்டமன்று. நீண்டு கூம்பிய பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும், எதிர்த்து வருவோரை மோதி வீழ்த்தியும் நூறு கஜ மைதானத்தில் ஆடுவது. 1981-ஆம் ஆண்டில், நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் உள்ளரங்க சாக்கர் பந்தயம் ஒன்றைக் கண்டுகொண்டிருந்த ஜிம் ஃபாஸ்டர் என்பவர், அமெரிக்கக் கால்பந்தையும் இவ்வாறே கூரைக்குள் கொணர்ந்தால் என்ன என்று எண்ணி, கையிலிருந்த காகித உறையின்மீதே களத்தின் படத்தை வரைந்தார். நூறு கஜம் ஐம்பதாகச் சுருங்கியது, பதினொருவர் எண்மராயினர், களத்தைச் சுற்றி மெத்தை பதித்த தடுப்புச் சுவர் எழுந்தது, கோல் கம்பங்களின் இருமருங்கிலும் கட்டிய வலையில் பட்டுத் திரும்பும் பந்து, அத்துடன் முடிந்துவிடாமல், பிடித்தவனுக்கே உரியதாயிற்று. 1987-இல் நான்கே அணிகளோடு அரினா லீக் ஆரம்பமாயிற்று.

அதே ஃபாஸ்டர் 1995-இல் டி மொயினில் பார்ன்ஸ்டார்மர்ஸை நிறுவினார். அவ்வணியில் பந்தெறியும் நாயகனாக வந்து சேர்ந்தவர் கர்ட் வார்னர். முந்திய ஆண்டு பெரிய லீக்கைச் சேர்ந்த கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் பயிற்சி முகாமிலிருந்து விலக்கப்பட்டு, சீடர் ஃபால்ஸ் ஊரின் ஹை-வீ மளிகைக் கடையில், மணிக்கு 5.50 டாலர் கூலிக்கு, இரவெல்லாம் கண்விழித்து அலமாரிகளில் சரக்கு அடுக்கிக்கொண்டிருந்தவர் அவர். குறுகிய களம் அவருக்குக் குருகுலமாயிற்று. நிதானித்து நோக்க அவகாசம் இல்லாததால், எதிரி மேலே பாயுமுன் கணப்பொழுதில் இலக்கைத் தேர்ந்து பந்தை விடும் வித்தையை அங்கேதான் அவர் அப்பியாசித்தார். 1996, 1997 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அணி இறுதிப் பந்தயத்தை எட்டித் தோற்றது. முதல் தோல்வி சொந்த ஊரிலேயே, 42-க்கு 38 என்ற கணக்கில் நேர்ந்தது. பின்னர், 2000-ஆம் ஆண்டு ஜனவரியில், செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணிக்காக ஆடி, அப்பெரிய லீக்கின் இறுதிப் பந்தயமாகிய சூப்பர் பவுலில் வெற்றியையும் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் ஒருங்கே பெற்றார் அதே வார்னர்.

கதையை இங்கே முடித்து மங்களம் பாடுவோர் பலர். எனக்கோ இதற்குமேல் நிகழ்ந்ததே அதிக முக்கியமாகத் தோன்றுகிறது. வார்னர் புகழின் சிகரத்தை எட்டிய அவ்வாண்டே டி மொயினில் அணியின் கடைசிப் பருவமாயிற்று. மறு ஆண்டு அது நியூயார்க்குக்குப் பெயர்ந்து 'டிராகன்ஸ்' என்று நாமம் பூண்டது. மாநகரின் ஜனத்தொகையும் செல்வமும் அதனைக் காக்கவில்லை. 2009-இல் அரினா லீக் ஆட்டங்களை நிறுத்தித் திவாலானபோது டிராகன்ஸும் மறைந்தது. டி மொயினோ, 2008-இல் இரண்டாந்தர லீக்கில் பழைய பெயரோடு ஓர் அணியை மறுபடியும் களத்தில் இறக்கியிருந்தது. அந்த லீக்கும் கலைந்தது. 2010-இல் புனருத்தாரணம் பெற்ற அரினா லீக்கிலும், 2015 முதல் இன்டோர் ஃபுட்பால் லீக்கிலும் அணி இடம் தேடிக்கொண்டது. வார்னர் காலத்தில் கைக்கெட்டாத சாம்பியன் பட்டம் 2018-இல் கிட்டியது.

அன்பர்களே! லீக்குகள் தோன்றி மறைந்தன, உரிமையாளர் மாறினர், அரங்கமும் மாறியது. மாறாதிருந்தது தோற்ற அணிக்கும் டிக்கெட் வாங்கிச் சென்ற ஜனங்களின் அபிமானம் ஒன்றே. பெரிய அணி தள்ளிவிட்ட இளைஞனுக்கு மற்றொரு சந்தர்ப்பம் அளித்ததும் அந்த அபிமானமே. நம் ஊரிலும் பரிசுக் கோப்பை வரும் நாளில் மாலையோடு திரள்வதைக் காட்டிலும், தோல்வி கண்ட மறுவாரம் மைதானத்துக்கு வந்து, ஆடும் பிள்ளைகளைப் பெயர் சொல்லி உற்சாகப்படுத்துவதே நம் கழகத்துக்கு நீங்கள் செய்யக்கூடிய மேலான உபகாரம்.