டீசல் பம்பைக் கழற்றுவதற்கு முன்

35 குதிரைத்திறன் கொண்ட மூன்று சிலிண்டர் டிராக்டர் ஒன்று முழு பாரத்தில் உழும்போது மணிக்கு ஏறக்குறைய 7 லிட்டர் டீசல் குடிக்கும். என்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றினால், அந்த ஒரு மணி நேரத்தில் டீசல் பம்பு 1,80,000 தடவை நோசில்களுக்கு டீசல் அனுப்பியாக வேண்டும். ஒரு தடவைக்குப் போகும் அளவு ஒரு சொட்டுத் தண்ணீருக்கும் குறைவு. நோசில் திறக்க வேண்டிய அழுத்தமோ, சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல 170 முதல் 200 மடங்கு. அதனால்தான் பம்புக்குள் இருக்கும் பிளஞ்சரும் அதன் கூடும் இரண்டு மூன்று மைக்ரான் இடைவெளியில், தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்கு அளவில், இழைத்துப் பொருத்தப்படுகின்றன. மணல் துகளுக்கோ தண்ணீருக்கோ அங்கே இடமில்லை.

தமிழ்நாட்டு வயல்களில் இன்னும் ஓடும் பழைய வண்டிகளில் இரண்டு வகைப் பம்புகளைப் பார்க்கலாம். ஒன்று, சிலிண்டருக்கு ஒரு பிளஞ்சர் வீதம் வரிசையாக நிற்கும் இன்லைன் பம்பு. ஜெர்மனியில் போஷ் நிறுவனம் 1927-இல் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கிய வகை இது. பெங்களூரு தொழிற்சாலையின் பெயரால் பட்டறைகளில் இது மைக்கோ பம்பு. மற்றொன்று, பழைய மாசி பெர்குசன் வண்டிகள் பலவற்றில் உள்ள ரோட்டரி பம்பு. ஒரே ரோட்டர் சுழன்று எல்லா சிலிண்டருக்கும் டீசலைப் பங்கிட்டுக் கொடுக்கும். ரோட்டரி பம்புக்குத் தனியாக ஆயில் கிடையாது. உள்ளே ஓடும் டீசல்தான் அதற்கு எண்ணெய். மண்ணெண்ணெய் கலந்த டீசல் இந்தப் பம்பை வெகு சீக்கிரம் தேய்த்துவிடுவதற்குக் காரணம் இதுவே.

உழவின் நடுவே வண்டி நின்றால் பழி உடனே பம்பின் மேல் விழுகிறது. பெரும்பாலும் கோளாறு பம்புக்கு வந்து சேரும் வழியில்தான் இருக்கிறது. எனவே சோதனை டேங்கில் தொடங்கி நோசிலை நோக்கிப் போக வேண்டும். டேங்கு மூடியின் காற்றுத் துளை சேற்றால் அடைத்திருந்தால், சிறிது நேரம் ஓடி வண்டி நிற்கும். மூடியைத் திறந்தவுடன் மறுபடி ஓடும். அடுத்து, ஸ்டாப் வயர். நிறுத்தும் குமிழைத் தள்ளியும் வயர் துருப்பிடித்துப் பாதியில் நின்றிருந்தால் பம்பு டீசலை விடவே விடாது. பம்பின் பக்கவாட்டில் இருக்கும் சிறு நெம்பைக் கையால் தள்ளிப் பார்த்தால் தெரிந்துவிடும். இதைப் பார்க்காமல் பம்பைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய், ஒன்றும் பழுதில்லை என்று திரும்ப எடுத்துவருவது வீண் செலவு. நடவு நேரத்தில் அந்த ஒரு நாளும் வீண்.

ஃபில்டருக்கு அடியில் உள்ள கிண்ணத்தில் தண்ணீர் தேங்கியிருப்பது கண்ணுக்கே தெரியும். டீசலுக்குக் கீழே தெளிவாகத் தனியே நிற்கும். இரவில் பாதி டேங்கோடு நிறுத்தும் வண்டியில், டேங்கின் உள்சுவரில் பனித்து இறங்கும் ஈரம் நாளடைவில் இப்படிச் சேரும். வேலை முடிந்த மாலையிலேயே டேங்கை நிரப்பி வைத்தால் இது குறையும்.

காற்று நுழைவதுதான் மிகுந்த தொல்லை. டேங்கிலிருந்து ஃபீட் பம்பு வரையுள்ள குழாயில் டீசல் உறிஞ்சப்படுகிறது. அங்கே விரிசல் இருந்தால் டீசல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லையே என்று அந்தப் பகுதியை நம்பி விட்டுவிடக் கூடாது. ஃபீட் பம்புக்கு அப்பால் அழுத்தம் வெளிநோக்கி இருப்பதால் ஒழுகல் கண்ணில் படும். காலையில் செல்ஃப் அடித்து அடித்துக் கிளம்பி, பிறகு நாள் முழுதும் நன்றாக ஓடும் வண்டியில் இரவோடு டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கியிருக்கலாம். ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு சாண் கண்ணாடிப் பிளாஸ்டிக் குழாயை மாட்டிப் பார்த்தால் குமிழி ஓடுவது தெரியும்.

ஏர் எடுப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஃபில்டரின் மேல் திருகைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கைநெம்பை அடிக்க வேண்டும். முதலில் வெள்ளை நுரை வரும், பிறகு குமிழியும் டீசலும் மாறி மாறி வரும், கடைசியில் திருகைச் சுற்றி டீசல் சத்தமில்லாமல் கோடு போல வழியும். அப்போதுதான் இறுக்க வேண்டும். ரோட்டரி பம்பில் அடுத்ததாகப் பக்கவாட்டுத் திருகு, அதன்பின் மேலே கவர்னர் மூடியின் திருகு. எல்லாவற்றுக்கும் கடைசியில், நோசில் குழாயின் யூனியன் நட்டுகளை ஒரு சுற்று தளர்த்தி செல்ஃப் அடித்தால் டீசல் விட்டு விட்டுப் பீறும். செம்பு வாஷர் தேய்ந்திருந்தால் எத்தனை முறை ஏர் எடுத்தாலும் காற்று திரும்பவும் ஏறும்.

என்ஜின் மிஸ்ஸிங் ஆனால், மெதுவாக ஓடவிட்டு ஒவ்வொரு யூனியன் நட்டாகத் தளர்த்திப் பார்க்க வேண்டும். எதைத் தளர்த்தும்போது ஓட்டம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. அதன் நோசிலை அடுத்த சிலிண்டருக்கு மாற்றினால், கோளாறும் கூடவே போகிறதா என்பது தெரியும். போனால் நோசில் பழுது. போகாவிட்டால் கம்ப்ரஷன் குறைவு, வால்வு, அல்லது பம்பு. இந்தச் சோதனையில் நோசில் பீச்சலுக்கு எதிரே விரலை நீட்டவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் ஏறிவிடும். வெளியே ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூட இராது. அப்படி நேர்ந்தால் வலிக்கும்வரை காத்திருக்காமல் உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாமதித்தால் விரலையே இழக்க நேரும்.

புகையும் தகவல் சொல்லும். கரும்புகை, காற்றுக்கு மிஞ்சிய டீசல். பம்பைத் தொடுவதற்கு முன் ஏர் கிளீனரில் படிந்த புழுதியைப் பார்க்க வேண்டும். கிளம்பிய பிறகும் நிற்காத வெண்புகை எரியாத டீசலாக இருக்கலாம், டைமிங் பின்தங்கியிருக்கலாம். நீலப்புகை என்ஜின் ஆயில் எரிவது; அதற்கும் பம்புக்கும் தொடர்பில்லை.

பம்பே பழுது என்று உறுதியாகச் சொல்லும் அறிகுறிகள் சில உண்டு. காலையில் ஒரே செல்ஃபில் கிளம்பும் வண்டி, உச்சிவெயிலில் உழுதுவிட்டு வரப்போரம் நிறுத்தியபின் கிளம்ப மறுக்கிறது. ஒரு மணி நேரம் ஆறியதும் கிளம்புகிறது. ரோட்டரும் அதன் கூடும் தேய்ந்ததன் அடையாளம் இது. சூட்டில் டீசல் நீர்த்து, தேய்ந்த இடைவெளி வழியே கசிவதால் நோசிலைத் திறக்கும் அழுத்தம் செல்ஃப் வேகத்தில் ஏறுவதில்லை. ஈரத்துணியைப் பம்பின் மேல் போர்த்திச் சற்றுப் பொறுத்துச் செல்ஃப் அடித்தால் வண்டி கிளம்பும்; கிளம்பினால் சந்தேகம் தீர்ந்தது. ஓடும் பம்பின் மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவது தவறு. வெளிக்கூடு சட்டெனச் சுருங்கி ரோட்டரைப் பிடித்துக்கொள்ளும்.

மற்றொரு அறிகுறி, என்ஜின் ஆயில் அளவு தானாகவே ஏறுவது. அளவுக் கம்பியை உருவினால் ஆயில் தண்ணீராய் வழியும், டீசல் வாடை அடிக்கும். ரோட்டரி பம்பின் தண்டுச் சீல் அல்லது ஃபீட் பம்பின் டயாபிரம் கிழிந்திருக்கும். அந்த ஆயிலோடு ஒரு மணி நேரம்கூட ஓட்டக் கூடாது; பேரிங்குகள் போய்விடும். மாதக்கணக்கில் சும்மா நின்ற வண்டியில் டீசல் பிசினாகி மீட்டரிங் வால்வு ஒட்டிக்கொள்வதும் உண்டு. அது திறந்த நிலையில் ஒட்டினால் என்ஜின் கட்டுக்கு அடங்காமல் வேகமெடுக்கும். அப்போது ஸ்டாப் குமிழை இழுப்பதோடு, காற்று உறிஞ்சும் வாயைத் தட்டையான பலகையால் மூடிவிட வேண்டும்.

பம்பைக் கழற்றியே ஆக வேண்டுமானால், அதற்கு முன் அதன் விளிம்பிலும் என்ஜின் முகப்பிலும் சேர்த்து ஆணியால் ஒரு கோடு கீற வேண்டும். திரும்பப் பொருத்தும்போது டைமிங்குக்கு அந்தக் கோடுதான் வழிகாட்டி. திறந்த குழாய் முனைகளைச் சுத்தமான மூடியால் அடைக்க வேண்டும்; பஞ்சாலோ கந்தலாலோ அடைத்தால் அதன் நூலே உள்ளே போகும். சீல் வைத்த திருகுகளை இழுவை கூடும் என்று நம்பித் திருப்பக் கூடாது. கூடுவது கரும்புகையும் பிஸ்டன் சூடும்தான். பம்பைத் தரும்போது நோசில்களையும் சேர்த்துக் கொடுத்து, டெஸ்ட் பெஞ்சில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் வந்த அளவை எழுதித் தரச் சொல்ல வேண்டும். பொருத்தியபின் ஃபில்டர் மாற்றி, முதலில் சொன்ன வரிசையிலேயே ஏர் எடுத்து, பாரமில்லாமல் கால் மணி நேரம் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் கசிவு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே கலப்பையை மாட்ட வேண்டும்.