ஆறு கொடுக்கும் நிலம் யாருக்கு?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

டெல்டா என்றதும் நம்மில் பலருக்குத் தஞ்சாவூர்தான் நினைவுக்கு வரும். தாத்தா, பாட்டி கப்பல் ஏறிய ஊர் அங்கேதானே இருக்கிறது! ஆனால் இன்று நான் உங்களை அழைத்துப் போகவிருப்பது வேறொரு டெல்டாவுக்கு. வங்காளதேசத்தின் தென்கோடியில் இருக்கும் போலா மாவட்டத்துக்கு. நம் நாட்டில் கட்டட வேலையிடங்களிலும் பெட்ரோல் நிலையங்களிலும் வங்காளதேசத் தொழிலாளர்களைத் தினமும் பார்க்கிறோம். சம்பளம் எவ்வளவு, பெர்மிட் இருக்கிறதா என்று கேட்கிறோம். அவர்கள் பிறந்த மண் எப்படிப்பட்டது என்று கேட்பதில்லை. இங்கே இருப்பவர்கள் எல்லாரும் போலாக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. போலாவில் வீடு இழந்தவரில் பலருக்கு டாக்கா வரை போவதற்குத்தான் கையில் காசு இருக்கும். டாக்காவின் மீர்பூர் பகுதியில் 'போலா பஸ்தி' என்றே பெயர் பெற்ற ஒரு குடிசைப் பகுதி உண்டு. யார் குடியேறிய இடம் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

நில வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். இமயமலையிலிருந்து வரும் கங்கையும் பிரம்மபுத்திராவும் வங்காளதேசத்தின் நடுவில் ஒன்றுசேர்ந்து, சாந்த்பூர் அருகே மேக்னாவோடு கலக்கின்றன. இந்த ஆறுகள் ஆண்டுதோறும் சுமார் 100 கோடி டன் வண்டலைக் கடலை நோக்கித் தள்ளிக்கொண்டு வருகின்றன. அந்த வாய்க்கு நேராகப் படுத்திருக்கும் தீவுதான் போலா. கிழக்கே மேக்னா, மேற்கே தெதுலியா ஆறு, தெற்கே வங்கக் கடல். நீர்ப்பரப்பையும் சேர்த்துச் சுமார் 3,400 சதுர கிலோமீட்டர். நம் பினாங்கு மாநிலத்தைப் போல மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022 மக்கள் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 19 லட்சம் பேர் வாழ்கிறார்கள். பழைய பெயர் தெற்கு ஷாபாஸ்பூர். போலா காஜி என்ற வயதான ஓடக்காரரின் பெயரே பிறகு ஊருக்கு வந்தது என்பது ஊர்க்கதை. ஓர் ஊருக்கு ஓடக்காரர் பெயர் வைப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கே போக இன்னும் பாலம் கிடையாது, லாஞ்சில் ஏறித்தான் போகவேண்டும் என்பதை நினைத்தால் பெயர் இன்னும் பொருத்தம்.

இந்தத் தீவில் கல்லோ பாறையோ இல்லை. எல்லாம் ஆறு கொண்டுவந்து போட்ட மண். போட்ட ஆறே அதை எடுத்தும் கொள்கிறது. மழைக்காலத்து வெள்ளமும் கடலின் ஏற்ற இறக்கமும் சேர்ந்து கரையின் அடிப்பகுதியை அரிக்கும். மேலே நடப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு நாள் தரையில் நீளமாக ஒரு விரிசல் விழும். அதைப் பார்த்ததும் வீட்டைப் பிரிக்கத் தொடங்குவார்கள். தகரக் கூரையைக் கழற்றி, மரத்தூண்களைப் பிடுங்கி, பாக்கு மரங்களை வெட்டி விலைக்குக் கொடுத்துவிட்டு உள்ளே தள்ளிப் போவார்கள். வீடுகள் தகரத்திலும் மரத்திலும் இருப்பதற்கு வறுமை மட்டும் காரணம் அல்ல. செங்கல் வீட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓட முடியாது, அதுதான் காரணம். வாழ்நாளில் நான்கு முறை, ஐந்து முறை வீடு மாற்றியவர்கள் அங்கே சாதாரணம். வீடு வைக்க இடமே இல்லாமல் படகிலேயே பிறந்து, படகிலேயே குடும்பம் நடத்தும் மாந்தா என்ற மக்களும் அந்த ஆறுகளில் உண்டு.

வடக்கிலும் கிழக்கிலும் கரைந்த மண் எங்கே போகிறது? பெரும்பகுதி தெற்கே போய்ப் படிகிறது. அப்படி எழும்பும் திட்டுக்கு வங்காளியில் 'சர்' என்று பெயர். கொள்ளிடக் கரையில் படுகை, திட்டு என்பார்களே, அதே இனம்தான், அளவு மட்டும் பல மடங்கு. முதலில் சேறாக இருக்கும். பிறகு புல் முளைக்கும். எருமை மேய்ப்பவர்கள் மந்தையோடு வந்து இறங்குவார்கள். மண்பானையில் உறைய வைக்கும் எருமைத் தயிருக்குப் போலா பேர்போனது. அந்தத் தயிரின் பின்னால் இந்தப் புதுத் திட்டுகளின் புல் இருக்கிறது. 1966 முதல் அரசாங்கம் இத்தகைய சேற்று நிலங்களில் கேவ்ரா மரக்கன்றுகளை நட்டு வருகிறது. நாம் பாக்காவ் காடு என்கிறோமே, அந்த வகை. வேர் மண்ணைப் பிடிக்கும், புயல் அலையின் வேகத்தைக் குறைக்கும். தெற்கே சர் குக்ரி முக்ரி அப்படிக் காடாக வளர்ந்த திட்டு. கடைசியாகத்தான் நெல்லும் குடிசையும்.

மற்றவருக்கு வாழ்வு ஆற்றில்தான். இலிஷ் என்னும் மீன், தமிழில் உல்லம் என்பார்கள். நம் தெருபோக் மீனுக்கு நெருங்கிய உறவு, முள்ளுக்கும் குறைவில்லை! வங்காளதேசத்தில் இலிஷ் மிகுதியாகப் பிடிபடும் மாவட்டங்களில் போலாவும் ஒன்று. குஞ்சு மீனைக் காப்பாற்ற மார்ச், ஏப்ரல் இரண்டு மாதம் அங்குள்ள ஆற்றுப் பகுதிகளில் மீன்பிடிக்கத் தடை. முட்டையிடும் காலத்தில், அக்டோபரை ஒட்டி, மேலும் 22 நாள் தடை. தடை நல்லதுதான், மறுப்பதற்கில்லை. மீன் பெருகியும் இருக்கிறது. ஆனால் பதிவு செய்த மீனவக் குடும்பத்துக்கு அந்த மாதங்களில் மாதம் 40 கிலோ அரிசி கொடுக்கிறார்கள். அரிசியைக் கொடுத்துக் கடன் தவணையைக் கட்ட முடியுமா? படகும் வலையும் வாங்குவதற்கு மீன் வியாபாரியிடம் 'தாதன்' என்னும் முன்பணம் வாங்கியிருப்பார்கள். வாங்கியவர் மீனை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே போடவேண்டும்.

நான் வெகுஜனத் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்தவள். பேரிடர்ச் செய்தியில் முதல் வரியில் எண்ணிக்கை வரவேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த எண்ணிக்கை போலாவிடம் இருக்கிறது. 1970 நவம்பர் 12 இரவு. ரமலான் மாதம், பௌர்ணமியை ஒட்டிய நாள், கடல் ஏற்றம் உச்சத்தில். அந்நேரம் அடித்த புயலில் மேக்னா முகத்துவாரம் முழுவதும் மூழ்கியது. மாண்டவர்கள் மூன்று லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் வரை என்பது மதிப்பீடு. போலாவின் தஜுமுதீன் பகுதியில் 1,67,000 பேரில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் இறந்தார்கள். பிறகு ஆய்வு செய்த மருத்துவர்கள் ஆல்ஃபிரட் சோமரும் வைலி மோஸ்லியும், உயிர் தப்பியவர்களின் மார்பிலும் கைகளிலும் தொடைகளிலும் ஒரே மாதிரியான சிராய்ப்புகள் இருந்ததைப் பதிவு செய்தார்கள். இரவு முழுக்க மரத்தைக் கட்டிப் பிடித்திருந்த காயங்கள் அவை. கட்டிப் பிடிக்கப் பலம் இல்லாத சிறுவர்கள்? இறந்தவர்களில் பாதியளவு பத்து வயதுக்கு உட்பட்டவர்கள்.

அந்தப் புயலுக்குப் பாகிஸ்தான் அரசாங்கம் காட்டிய அலட்சியம் அடுத்த மாதம் நடந்த தேர்தலில் எதிரொலித்தது. 1971-இல் தனி நாடே பிறந்தது. புதிய நாடு அந்தப் பாடத்தை மறக்கவில்லை. 1972-இல் தொடங்கிய புயல் முன்னெச்சரிக்கைத் திட்டத்தில் இன்று எழுபதாயிரத்துக்கும் அதிகமான தொண்டர்கள் இருக்கிறார்கள், பாதிப் பேர் பெண்கள். ஒலிபெருக்கியும் கொடியும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள். 2020-இல் ஆம்பான் புயல் வந்தபோது வங்காளதேசம் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தியது. இறந்தவர்கள் சில பத்துப் பேர்.

புயலுக்குக் கேமரா போகும். கரை அரிப்புக்கு எந்தக் கேமராவும் போகாது. ஒரே இரவில் யாரும் சாவதில்லை அல்லவா? இன்றைக்கு ஒரு வீடு, அடுத்த வாரம் ஒரு பள்ளிவாசல், அதற்கடுத்த மாதம் ஒரு சந்தை. செய்தி ஆசிரியரிடம் கொண்டுபோனால், 'இதில் என்ன புதுசு?' என்பார். ஆனால் போலா மக்களை நிலமற்றவர்களாக்குவதில் புயலைவிட இந்த அரிப்புக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் கருத்து. அதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நிலத்தைக் கரைப்பது ஆறு. ஆனால் அது மீண்டும் எழும்பும்போது பழைய சொந்தக்காரருக்குக் கிடைக்காமல் செய்வது ஆறு அல்ல, மனிதர்கள்.

ஆற்றில் போன நிலத்தை அங்கே 'சிகஸ்தி' என்கிறார்கள். மீண்டும் எழும்பிய நிலம் 'பயஸ்தி'. இந்த இரண்டு சொல்லும் போலாவில் எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிக்கும் தெரியும். 1825-லேயே வெள்ளைக்காரன் இதற்கு ஒரு சட்டம் போட்டான். 1950 சட்டம், மூழ்கிய நிலம் அதே இடத்தில் 20 ஆண்டுக்குள் எழும்பினால் பழைய உரிமையாளருக்கே சொந்தம் என்றது. 1972-இல் அது மாறி, எழும்பும் நிலம் முழுவதும் அரசுக்கே என்றானது. நிலமற்ற ஏழைகளுக்குப் பகிர்ந்து கொடுக்கலாம் என்பது எண்ணம். எண்ணம் நல்லது, ஆனால் புதுத் திட்டில் முதலில் கால் வைத்தவர் ஏழை அல்ல, தடியாட்களை வைத்திருந்த பணக்காரர். போலாவில் மட்டுமல்ல, மேக்னா முகத்துவாரத்துத் திட்டுகள் பலவற்றிலும் அறுவடை வந்தால் தடியும் வரும்.

1994-இல் சட்டம் மறுபடியும் திருத்தப்பட்டது. இப்போது கெடு 30 ஆண்டு. ஆனால் மாவட்ட ஆட்சியர் முதலில் நிலத்தைக் கைப்பற்றி, அளந்து, பிறகுதான் உரியவருக்குக் கொடுக்கவேண்டும். அளப்பது எதை வைத்து? சுற்றிலும் தண்ணீர். அடையாளம் சொல்ல மரம் இல்லை, வரப்பு இல்லை, பக்கத்து வீட்டுக்காரரும் டாக்காவில் ரிக்‌ஷா ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஆகவே கையில் இருக்கும் காகிதம்தான் நிலம். தண்ணீருக்கு அடியில் போன வயலுக்கும் பத்திரத்தையும் வரி ரசீதையும் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பத்திரப்படுத்துகிறார்கள். வீட்டைப் பிரிக்கும்போது முதலில் வெளியே வருவது அந்தப் பைதான்.

30 ஆண்டு என்பது நீண்ட காலம் என்று நமக்குத் தோன்றலாம். 1990-களில் போலாவின் கரை கடுமையாக அரிக்கப்பட்டது. 1995-இல் வயலை இழந்த ஒரு குடும்பத்தின் கெடு 2025-இல் முடிந்துவிட்டது. இனி அதே இடத்தில், அதே வயல் எழும்பினாலும், பையில் இருக்கும் காகிதத்துக்கு மதிப்பு கிடையாது.